அத்தை ஊர் மலையும் எங்கள் விறகுக்கடையும்

எங்கள் வீட்டில் உலை வைத்ததும், எனக்குப் பாவாடை எடுத்ததும், அண்ணன் பள்ளிக்கூடம் போனதும் எல்லாம் விறகு விற்ற காசில்தான். சங்கரன்கோவிலில் அப்பா விறகுக்கடை வைத்திருந்தார். கேஸ் அடுப்பு என்ற பொருள் டாக்டர் வீட்டிலும் பாங்கி மேனேஜர் வீட்டிலும் மட்டும் இருந்த எழுபதுகளின் கடைசி அது. மற்றவர்கள் வீட்டில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் முதலில் ஆள் வருவது எங்கள் கடைக்குத்தான். கல்யாணப் பந்திக்குச் சாம்பார் கொதிக்க வேண்டும், விறகு. கட்டிலில் கிடந்த பெரியவர் கண்ணை மூடிவிட்டார், அதற்கும் விறகு. இரண்டு வகை ஆட்களிடமும் அப்பா ஒரே மாதிரி அன்பாகப் பேசுவார். ஒருமுறை தகப்பனாரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவரிடம், "வைரம் பாஞ்ச கட்டை அண்ணாச்சி, புகையே வராது, உங்களுக்கு ரொம்பத் திருப்தியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அன்று முழுவதும் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஓட்டல்கள், ரொட்டிக்கடை, நெசவாளர் தெருவை ஒட்டியிருந்த சாயப்பட்டறைகள் எல்லாவற்றுக்கும் எங்கள் கடைதான். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்கு ஊரில் தெருவுக்குத் தெரு அன்னதானம் நடக்கும்போது கடையில் குவிந்திருக்கும் அம்பாரம் கரைந்து தரை தெரியும். மறுபடி லாரி வரும், மறுபடி மலைபோல் குவியும். விறகு எங்கிருந்து வருகிறது என்று யாராவது அன்று என்னைக் கேட்டிருந்தால் லாரியிலிருந்து வருகிறது என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு அந்த அம்பாரம் ஒரு விளையாட்டு மைதானம். புதிதாக இறங்கிய கட்டைகளில் பச்சைப் பாசி ஒட்டியிருக்கும். பொந்துக்குள் கைவிட்டால் நத்தைக்கூடு கிடைக்கும், ஒருமுறை காய்ந்த தேனடை கிடைத்தது. குருவிக்கூடு ஒன்று முட்டையோடு வந்து, அதை அடைகாக்க வைக்கிறேன் என்று எங்கள் வீட்டுக் கோழியைப் படாத பாடு படுத்தினேன். லாரி எனக்குக் கொண்டுவந்து தந்த பொம்மைகள் அவை.

அப்பா பயப்படுகிற ஆள் ஒருவர் உண்டென்றால் அது அத்தைதான், அப்பாவின் அக்கா. அவர்களுடைய அம்மா சின்ன வயதிலேயே தவறிப்போனதால் அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தது அத்தை. கடைக்கு முதலாளி ஆன பிறகும், அத்தை "ஏலே" என்று கூப்பிட்டால் அப்பா மடித்துக் கட்டிய வேட்டியைத் தன்னையறியாமல் இறக்கிவிடுவார். வாசுதேவநல்லூரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் அத்தையைக் கட்டிக்கொடுத்திருந்தது. நஞ்சைக்காரக் குடும்பம். மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்று ஊர்க் குளத்தில் விழும். குளத்துத் தண்ணீரில் நெல்லும் வாழையும் விளையும். வீடுகளும் வயல்களும் குளக்கரைக்குக் கீழ்ப்பக்கம் தாழ்ந்து கிடக்கும். கரைமேல் நின்று பார்த்தால் ஊர் ஒரு தட்டில் வைத்த மாதிரி இருக்கும்.

அந்த ஊருக்குப் பின்னால் இருந்த மலைச்சரிவில்தான் அப்போது கூப்பு நடந்துகொண்டிருந்தது. மலையில் ஒரு பகுதியை வெட்டிக்கொள்ள ஏலம் எடுத்தால் அதற்குக் கூப்பு என்று பெயர். ஏலம் எடுத்த காண்டிராக்டர் வெட்டி அடிவாரக் களத்தில் அடுக்கி வைப்பார், அப்பா போன்ற வியாபாரிகள் லாரி கொண்டுபோய் ஏற்றி வருவார்கள். முன்பு தென்காசிப் பக்கம்வரை போய் ஏற்ற வேண்டியிருந்தது. அக்கா ஊரிலேயே விறகு கிடைத்ததில் அப்பாவுக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். சரக்கும் எடுத்தாயிற்று, அக்கா கையால் ஒருவாய் சாப்பிட்டும் ஆயிற்று. வெட்டுகிற கூலிக்கு அத்தை ஊர் ஆட்களும் போனார்கள். எல்லோருக்கும் நன்மையான ஏற்பாடாகத்தான் அது தெரிந்தது.

அத்தைக்கு மட்டும் அது ஒட்டவில்லை. அந்த வருஷம் முழுப்பரீட்சை லீவில் நான் அங்கே போயிருந்தபோது ஓடை வறண்டு கிடந்தது. அதற்கு முந்தின லீவில் அதில் உட்கார்ந்து கழுத்தளவு தண்ணீரில் ஆட்டம் போட்டிருக்கிறேன். இப்போது வெள்ளை மணலும் உருண்டைக் கல்லும்தான். விறகு ஏற்ற வந்த அப்பாவிடம் அத்தை அதைச் சொன்னாள். மழை குறைச்சல்தானே அக்கா, என்ன செய்ய முடியும் என்றார் அப்பா.

"மழை எப்பவும் போலதாம்லே பெஞ்சுது. பெஞ்ச தண்ணி தங்கமாட்டேங்கு. வந்த வேகத்துல ஓடிப்போயிருது" என்றாள் அத்தை.

அப்பா சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார். தண்ணீர் என்ன நம் வீட்டுக்கு வரும் விருந்தாளியா தங்குவதற்கு, என்று எனக்கும் சிரிப்பு வந்தது.

அந்த வருஷத் தீபாவளிக்கு அத்தைக்குச் சீர் கொண்டுபோகும்போது அப்பா என்னையும் கூட்டிப்போனார். சீர் என்றால் சேலை, வேட்டி, பலகாரம், எண்ணெய், சீயக்காய் எல்லாம். அதை விறகு லாரியில் கொண்டுபோவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் தாம்பாளத்தோடு போய் இறங்கினால்தான் மரியாதை என்பது அம்மாவின் கட்சி. தீபாவளி கழிந்த முகூர்த்தத்தில் பெரிய கல்யாணம் ஒன்றுக்கு விறகு தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஓட்டல்காரர்களும் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரே நடையில் இரண்டு வேலையும் முடியும் என்று அவர் கணக்குப் போட்டார். ஆகவே அத்தையின் தீபாவளிச் சேலை டிரைவர் அண்ணாச்சிக்கும் அப்பாவுக்கும் நடுவே என் மடியில் உட்கார்ந்து பயணம் செய்தது.

சில நாட்களாகவே அடைமழை. புளியங்குடியைத் தாண்டியதும் இடதுபக்கம் எப்போதும் கூடவே வரும் மலையைக் காணவில்லை. மேகம் தரைவரை இறங்கி மூடியிருந்தது. டிரைவர் அண்ணாச்சி ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். அத்தை வீட்டில் என்னையும் சீரையும் இறக்கிவிட்டு, சரக்கு ஏற்றிக்கொண்டு மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லி அப்பா அடிவாரத்துக்குப் போனார்.

அத்தை முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உடைந்ததையெல்லாம் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தேன். உடையாதவற்றையும் சிலதை நானே உடைத்தேன். அப்போது தெருவில் யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். மறுகால் அடைத்துக்கொண்டதாம். குளம் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கரையின் ஒரு ஓரத்தில் கல்லால் கட்டிய வழிதான் மறுகால். அது அடைபட்டால் தண்ணீர் போக இடமில்லை, கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள்தான் வரவேண்டும். அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, சட்டைகூடப் போடாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினார். அத்தை எண்ணெய்ச் சட்டியை இறக்கினாள், அடுப்பில் தண்ணீரைக் கொட்டினாள், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாட்டை அவிழ்த்துவிட்டாள். பிழிந்த முறுக்கெல்லாம் துணிமேல் அப்படியே கிடந்ததுதான் எனக்குப் பெரிய கவலை.

தெருவே மேட்டுக் கோவிலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு, தலையில் நெல்மூட்டையோடு, புதுத்துணிப் பையோடு. நாங்கள் கரை தொடங்கும் மேட்டு ரோட்டுக்கு ஏறும்போது எதிரே லாரி வந்தது. அடிவாரத்திலிருந்து வர வேறு வழி கிடையாது. பாரம் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி, அப்பாவும் டிரைவர் அண்ணாச்சியும் உள்ளே இருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் நிறுத்தி இறங்கினார்கள். அத்தை என்னைத் தூக்கி முன்சீட்டில் வைத்து, "இங்கனயே இரு. இறங்கினே, கால ஒடிச்சிருவேன்" என்றாள். அதனால் நடந்தது அனைத்தையும் நான் லாரிக் கண்ணாடி வழியாகவும் ஜன்னலில் தலையை நீட்டியும்தான் பார்த்தேன்.

குளத்துத் தண்ணீர் என்றால் எனக்குத் தெரிந்தது பச்சை. இது செக்கச்செவேல் என்று, செங்கல் அறுக்கக் குழைத்த மண்மாதிரி இருந்தது. மறுகால் வாயில் கிளைகளும் தழைகளும் வேலி கட்டியதுபோல் பின்னிக்கொண்டு நின்றன. ஓடை இன்னும் இன்னும் கொண்டுவந்து அதன்மேல் சொருகிக்கொண்டிருந்தது. கரையின் நடுவே ஒரு இடத்தில் வெளிச்சரிவில் தண்ணீர் கசிந்து, சற்று நேரத்தில் குழாய் திறந்த மாதிரி பீறிட்டது. ஆண்கள் வைக்கோலையும் பனையோலையையும் மண்மூட்டையையும் கொண்டுவந்து அடைத்தார்கள். அடைக்க அடைக்க மண் கரைந்து அவற்றையும் இழுத்துக்கொண்டு போனது. கனமாக ஏதாவது வேண்டும் என்று ஒருவர் கத்தினார். கத்தியவரின் கண் லாரியின்மேல் போய் நின்றது. பிறகு எல்லோருடைய கண்ணும். ஆனால் யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. பெண் எடுத்த வீட்டுச் சரக்கு அது. தீபாவளிச் சீர் கொண்டுவந்த மனிதனிடம் எப்படிக் கேட்பது?

மாமா சேறும் மூச்சிரைப்புமாக வந்தார். அப்பாவிடம் அவரும் விறகைக் கேட்கவில்லை. "மாப்ள, கரை தாங்காது. பிள்ளையையும் உங்க அக்காளையும் ஏத்திக்கிட்டு நீங்க கிளம்புங்க. புளியங்குடி ரோட்டுப் பாலம் முங்குறதுக்குள்ள போயிருங்க" என்றார்.

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, பின்சக்கரத்தில் காலை வைத்து லாரிமேல் ஏறினாள். அவ்வளவு பருத்த உடம்போடு அத்தை ஏறியதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. மேலே நின்று ஈரத்தில் இறுகிப்போயிருந்த கயிற்று முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"அக்கா, இறங்கு. வழுக்கும், விழுந்துராத. இறங்குன்னு சொல்லுதேன்லா!" என்று அப்பா கத்தினார். அத்தை காதில் வாங்கவில்லை. ஒரு முடிச்சு அவிழ்ந்தது. முதல் கட்டையை இரண்டு கையாலும் உருட்டிக் கீழே தள்ளினாள். அது ரோட்டில் விழுந்து தெறித்த சேறு அப்பாவின் வேட்டியில் பட்டது. அப்பா அந்தச் சேற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு டிரைவர் அண்ணாச்சியின் பக்கம் திரும்பி, "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கீரு? பின்கதவைத் திறந்துவிடும் வே!" என்று ஓர் அதட்டுப் போட்டார்.

அதன்பிறகு ஒரு வரிசை உருவானது. லாரியிலிருந்து உடைப்பு இருந்த இடம்வரை ஆண்களும் பெண்களும் கைமாற்றிக் கைமாற்றிக் கட்டைகளைக் கொண்டுபோனார்கள். நீளமானவற்றைக் கூர்சீவிக் கரையில் அடித்து இறக்கினார்கள். குட்டையானவற்றைக் குறுக்கே அடுக்கி, இடைவெளியில் ஓலையும் வைக்கோலும் திணித்து, அதன்மேல் மண்ணைக் கொட்டினார்கள். கல்யாண வீட்டு விறகும் ஓட்டல் விறகும் சாயப்பட்டறை விறகும் ஒன்றன்பின் ஒன்றாகக் குளக்கரைக்குள் போயின. அப்பாவும் வரிசையில் நின்றார். கடையில் கல்லா நாற்காலியை விட்டு எழுந்து நான் அதிகம் பார்த்திராத அப்பா, முழங்கால் சேற்றில் நின்று கட்டை சுமந்தார். எனக்கு அன்று அவரைப்போல் ஒரு ஆள் உலகத்திலேயே இல்லை.

பீறிட்ட தண்ணீர் மெல்ல அடங்கியது. ஆனால் குளம் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. மறுகாலைத் திறக்காமல் எவ்வளவு அடைத்தாலும் அது இன்னொரு இடத்தில் உடைக்கும். மாமா இடுப்பில் லாரிக் கயிற்றைக் கட்டிக்கொண்டார். மறுமுனையை டிரைவர் அண்ணாச்சி லாரிக் கொக்கியில் சுற்றி, இன்னும் பலர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். மாமா அரிவாளோடு அந்தக் கிளைக் குவியல்மேல் இறங்கினார். வெட்டுவார், இழுப்பார், வழுக்கி விழுவார், மறுபடி எழுவார். அத்தை கரை ஓரத்தில் இரண்டு கையையும் வயிற்றில் கட்டிக்கொண்டு நின்றாள். நான் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்ததில் அது என் மூச்சால் மூடிப்போக, துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

அப்படித் துடைத்துவிட்டுப் பார்த்தபோது குவியல் அங்கே இல்லை. பெரிய சத்தத்தோடு எல்லாம் பெயர்ந்து மறுகாலில் விழுந்து உருண்டது, மாமாவும் கூடவே. கயிறு விறைத்தது, லாரியே ஓர் அசைவு அசைந்தது. எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். மாமா வெளியே வந்தபோது ஒரு கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. மரத்துண்டு ஒன்று அடித்திருக்கிறது. அவருக்கு நினைவு இருந்தது. "தண்ணி போவுதா? தண்ணி போவுதா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீர் போனது. மறுகாலில் செந்நிறமாக இரைந்துகொண்டு வழிந்து, கீழே ஒரு பக்க வயல்களைக் கல்லாலும் மணலாலும் மூடிவிட்டுப் போனது. ஆனால் கரை நின்றது. வீடுகள் நின்றன. ஊர்க்காரர்கள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். மாலை இல்லாததால் யாரோ ஒருவர் தன் நனைந்த துண்டையே அப்பாவின் தோளில் போர்த்தினார். விறகுக்கடை அண்ணாச்சி மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு ஊரே இல்லை என்றார்கள். அப்பா கூச்சத்தோடு நெளிந்தார். நான் லாரிக் கதவைத் திறந்து, கால் ஒடிந்தாலும் பரவாயில்லை என்று இறங்கி ஓடி, அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

மாமாவின் காலுக்கு மட்டை வைத்துக் கட்டிக்கொண்டிருந்த அத்தையிடம் அப்பா போய் நின்றார். பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, கரையில் இழுத்துப் போட்டிருந்த கிளைகளைக் காட்டி, மலையில் சரியான சூறைக்காற்று போல, எவ்வளவு மரத்தை முறித்துத் தள்ளியிருக்கிறது பார்த்தாயா அக்கா என்றார்.

அத்தை கட்டி முடித்தாள். எழுந்து, அந்தக் கிளைகளில் ஒன்றை இழுத்து, அதன் அடிமுனையை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். சீவினமாதிரி சரிவாக, வெள்ளையாக இருந்தது அது.

"காத்து கோடாலி வச்சா வெட்டும்?" என்று கேட்டாள்.

கூப்பில் கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளையையும் தழையையும் சரிவிலேயே கழித்துப் போட்டுவிடுவார்கள். மழை அத்தனையையும் வாரிக்கொண்டு வந்திருக்கிறது. அப்பா அந்த முனையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு அத்தைமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஊரே அப்பாவைக் கொண்டாடுகிறது, கூடப்பிறந்தவள் ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா? முறுக்கு வீணாகப் போன ஆத்திரத்தை அப்பாமேல் காட்டுகிறாள் என்று முடிவு செய்துகொண்டேன்.

காலியான லாரியில் வைக்கோலைப் பரப்பி மாமாவைப் படுக்கவைத்து வாசுதேவநல்லூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அத்தை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா முன்சீட்டுக்கு வராமல், பின்னால் அவர்களோடு நின்றுகொண்டே வந்தார்.

மாமாவின் கால் கூடியது. ஆனால் கோணலாகக் கூடியது. அதன்பிறகு அவர் வரப்பில் நடக்கும்போது அத்தை முன்னாலோ பின்னாலோ போகவேண்டியிருந்தது. கல்லும் மணலும் மூடிய வயலை மீட்க அவர்களுக்குப் பல வருஷம் ஆயிற்று. கல்யாண வீட்டுக்கு அப்பா வேறொரு வியாபாரியிடம் விறகு வாங்கி வாக்கைக் காப்பாற்றினார். அந்தத் தீபாவளிக்குப் பிறகு எங்கள் லாரி அத்தை ஊர் மலைக்குச் சரக்குக்குப் போகவில்லை. அப்பா கிழக்கே திருவேங்கடம் பக்கம், கரிசல் காட்டு உடைமரமும் வேலிக்கருவையும் வாங்க ஆரம்பித்தார். அது முள், அது புகை என்று ஓட்டல்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். சாயப்பட்டறைக்காரர்கள் வேறு கடை பார்த்துப் போனார்கள். நல்ல விறகு கிடைக்கிற இடத்தை விட்டுவிட்டு இப்படி ஏன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று அம்மா சண்டை போட்டாள். அப்பாவுக்கு அதை விளக்கத் தெரியவில்லை, அல்லது விளக்கப் பிடிக்கவில்லை.

அவர் ஒருவர் நின்றதால் கூப்பு நின்றுவிடவில்லை. அவர் இடத்தில் வேறொரு வியாபாரியின் லாரி போய் நின்றது, அவ்வளவுதான். குளத்துப் பாசனத்தை நம்பியிருந்த ஊர்க்காரர்கள் ஒன்றுகூடி மனுக் கொடுத்து, ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் அப்பாவும் போய் நின்றபோது, விறகுக்கடைக்காரர் மரத்துக்குப் பரிந்து பேச வந்திருக்கிறார் பார் என்று சிரித்தவர்கள் உண்டு. கசாப்புக்கடைக்காரர் ஆட்டுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று எங்கள் தெருவிலேயே சொன்னார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த தடவையும் போனார். வெகுநாள் கழித்து அந்தச் சரிவில் வெட்டு நின்றது. யாரும் போய்ப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, சும்மா விட்டார்கள். முதலில் புல், பிறகு புதர், பிறகு புதரைத் தாண்டித் தலை நீட்டிய மரங்கள். நான் கல்யாணமாகிப் பிள்ளையோடு அத்தையைப் பார்க்கப் போனபோது, மாசி கழிந்தும் ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை பிள்ளையைக் கொண்டுபோய் அதில் உட்காரவைத்தாள்.

சங்கரன்கோவில் சந்தைக்கு அரிசியும் வாழைக்காயும் எலுமிச்சையும் அந்த அடிவாரத்துக் குளங்களின் தண்ணீரில் விளைந்துதான் வரும். எங்கள் கடையில் விறகு வாங்கி உலை வைத்த வீடுகளில், அந்த உலையில் போட்ட அரிசியும் அதே மலை கொடுத்ததுதான். அடுப்புக்குள் ஒன்று, பானைக்குள் ஒன்று. ஒன்றை எரித்தால் மற்றது வராது என்பது எங்கள் ஊரில் அன்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பசிக்கிற நேரத்தில் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்த விறகில் வெந்த சோற்றைத் தின்று வளர்ந்த உடம்பு இது.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு நடந்தவை. கரை தப்பித்த மறுநாள், அந்தத் தீபாவளியன்று காலையில் நடந்ததைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். மாமாவும் அத்தையும் ஆஸ்பத்திரியில். வாசுதேவநல்லூருக்கு அப்பால் புளியங்குடி ரோட்டுப் பாலத்தில் தண்ணீர் வடியாததால், அப்பாவும் நானும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து அத்தை வீட்டில் தங்கியிருந்தோம். மழை ஓய்ந்து தூறலாகியிருந்தது. அப்பா எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. புதுவேட்டி உடுத்தவில்லை. ஓடைக்கரையாகவே மலையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். தனியாக விட்டுப்போகாதே என்று நான் அழுததால் என்னையும் கூட்டிக்கொண்டார். ஏறமுடியாத இடங்களில் தோளில் தூக்கிக்கொண்டார். அத்தனை தடவை சரக்கு எடுத்திருந்தும், அப்பா அடிவாரக் களத்தைத் தாண்டி மேலே போனதே இல்லை. களத்தில் விறகு இருக்கும், அவருக்கு வேண்டியது விறகு.

களத்தைத் தாண்டி ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு போனதும் சரிவு முழுவதும் தெரிந்தது. மொட்டையடித்துப் பாதியில் விட்ட தலைபோல இருந்தது. கண்ணுக்கு எட்டியவரை அடிக்கட்டைகள். அவற்றுக்கு நடுவே மழை கிழித்த செம்மண் வாய்க்கால்கள், ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஓடையை நோக்கி இறங்கின. வேர்கள் மண்ணைவிட்டு வெளியே வந்து, பிடிக்க ஒன்றுமில்லாத விரல்களைப்போல் காற்றில் நீண்டிருந்தன. பறவைச் சத்தம் எதுவும் இல்லை. அப்பா என்னை இறக்கிவிட்டு ஓர் அடிக்கட்டைமேல் உட்கார்ந்தார். அது அகலமாக, நானும் பக்கத்தில் உட்காரும்படி இருந்தது.

எனக்கு அந்த இடத்தைப் பார்த்துப் பயமோ வருத்தமோ எதுவும் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய வெட்டவெளியில் ஓடிப்பிடித்து விளையாடினால் எப்படி இருக்கும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா ஒரு பேச்சுக்காகக் கேட்டேன்.

"அப்பா, இங்கன நின்ன மரமெல்லாம் எங்கப்பா?"

அப்பா அடிக்கட்டையைக் கையால் தடவிக்கொண்டே, "சங்கரன்கோவிலுக்குப் போயிட்டுது மக்கா" என்றார்.

அது எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர் பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் பிழைக்கப் போயிருந்தார்கள். ஆடித்தபசுக்கு, தீபாவளிக்கு, புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். வெளியூர் போவது என்றால் அவ்வளவுதான்.

"எப்பப்பா திரும்பி வரும்?" என்று கேட்டேன்.

அப்பா சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் தூறல் வழிந்தது, அதை அவர் துடைத்துக்கொள்ளவில்லை. தூரத்தில் ஏதோ ஊரில் பட்டாசு வெடித்தது. அந்தச் சத்தத்தில் நான் கேட்டது அப்பா காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் கன்னத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பி, இன்னும் உரக்க இன்னொரு தடவை கேட்டேன்.